முகத்துவாரத்தில் இருமும் மோட்டார்

மணல்மேட்டுக்குப்பம்
2-9-1973

மாமாவுக்கு அங்காளம்மாள் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தால் நீங்கள் மேற்கொண்டு படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் வந்துவிட்டது.

காசிமேட்டில் பிடித்த செகண்ட்ஹாண்ட் மோட்டார். நாலு குதிரை சக்தியாம். படகின் பின்பலகையில் கவ்விக்கொண்டு நிற்கிறது. பெட்ரோல் தொட்டி அதன் தலையிலேயே இருக்கிறது. தொட்டி மூடி வந்த வாரமே தண்ணீரில் விழுந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை பூவரசங்கட்டையில் ஓர் அடைப்பு செதுக்கி, துணி சுற்றி, படகு இடுக்குக்குப் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துப் பூசி இறுக்கிவிட்டார். "என் படகுல பூராத தண்ணி இதுல பூந்துடுமா?" என்று பெருமை வேறு.

மெதுவாக ஓட்டினால் சமர்த்தாகப் போகிறது. பிடியை முழுசாகத் திருகினால் கொஞ்ச தூரம் சீறிக்கொண்டு ஓடி, பிறகு இருமுகிறது. இழுப்பு நோய்க்காரன் மாதிரி விட்டு விட்டு மூச்சு வாங்கி, அப்படியே செத்துப்போகிறது. ஏரியில் நின்றால் கழி போட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். மழை பிடித்து முகத்துவாரம் திறந்துகொண்டால்? வற்றுநீர் கடலுக்கு இழுக்கிற இழுப்பை நீங்கள் அறியாதவரா? அதைக் குறுக்கே வெட்டிப் பழவேற்காட்டுக் கரைக்குப் போக முழு வேகம் வேண்டும். போன ஐப்பசியில் பிரசவ வலியோடு அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகக் கழியை நம்பிப் புறப்பட்டோம். கரை சேர்வதற்குள் என் பிள்ளை முடிந்துபோனது.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். அம்மா இல்லாதவளைத் தாய்மாமன் வந்து அழைத்துப் போக வேண்டும். அழைக்க ஆள் வராமல் மருமகளைப் படியிறக்கினால் குடும்ப மானம் போய்விடும் என்கிறாள் மாமியார் தாயாரம்மாள். போன முறையும் இந்த மாதம் வந்தது. நீங்கள் வரவில்லை. என் கல்யாணப் பந்தலில் இவரோடு மல்லுக்கு நின்று, "கழி போடற படகுல இனிமே கால வைக்க மாட்டேன், மோட்டாரு படகுன்னா வரேன்" என்று துண்டை உதறினீர்களே, அந்தச் சபதம்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

இப்போது மோட்டார் இருக்கிறது. "ஆயிரம் மிசினு பாத்த மாமனாச்சே, இதுக்கு இன்னா நோவுன்னு கேட்டு எழுது" என்கிறார் இவர். கிண்டலாகத்தான் சொன்னார். நான் கிண்டலாகக் கேட்கவில்லை.

அங்காளு



இரும்புக் கம்பெனி, கேட் ரூம்
கும்மிடிப்பூண்டி
9-9-1973

என் கண்ணு அங்காளுவுக்கு மாமன் துலுக்காணம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மீசையும் கம்பெனியும் சௌக்கியம். மூன்றில் எது இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் நிற்காது என்று மேனேஜரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதத்தைப் பிரித்ததுமே எனக்கு மோட்டாரின் சத்தம் காதில் கேட்டுவிட்டது. ப்ளக்! வேறு எதுவுமே இல்லை. போன வருஷம் ஜப்பானிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். நம்முடைய பெரிய மிஷின் முன்னால் மூன்று நாள் குந்திக்கொண்டு அழாத குறை. நான் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய், தூரத்தில் நின்றே, "சார், ப்ளக்கு" என்றேன். கழற்றிப் பார்த்தால் கரி! மனிதர் குனிந்து கும்பிட்டார் பார், அவர்கள் ஊரில் ராஜாவுக்குத்தான் அவ்வளவு குனிவார்களாம். அவர் கொடுத்த பேனாவில்தான் இதை எழுதுகிறேன். மை கொஞ்சம் ஒழுகுகிறது, ஜப்பான் மை அப்படித்தான்.

மாப்பிள்ளை ராஜவேலுவிடம் சொல். ப்ளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, முருகா என்று மாட்டச் சொல். பறக்கும். பறந்தால் பிடித்துக்கொள்ளச் சொல்.

நான் வருவதைப் பற்றி. எனக்கு என்ன தடை? மற்றொரு கேட்காரன் குப்புராஜ் ஊருக்குப் போயிருக்கிறான். நான் நகர்ந்தால் கம்பெனியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதோடு, முக்கால் வேகத்தில் முக்கி முக்கி ஓடுகிற படகில் துலுக்காணம் ஏறினான் என்று புதுவாயலிலிருந்து எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் பேசுவார்கள். முழு வேகத்தில் ஓடட்டும், அன்றைக்கே கிளம்புகிறேன்.

முகத்துவாரத்தைப் பற்றி எனக்கு எழுதாதே. தெரியும்.

மாமன்



மணல்மேட்டுக்குப்பம்
23-9-1973

மாமாவுக்கு,

ப்ளக்கைத் தேய்த்தார். காய வைத்தார். முருகனையும் கூப்பிட்டார். மோட்டார் அதே இடத்தில்தான் நின்றது.

நான் கரையிலிருந்துதான் கவனிக்கிறேன். கிட்டே போக முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி படகின் பொருளைத் தொட்டால் தொழில் படுத்துவிடும் என்பது இங்கே கட்டுப்பாடு. மாமியார் மோட்டாருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி, நான் வந்தால் முந்தானையால் அதை மறைத்துக்கொள்கிறாள். ஏதோ அது புதுப்பெண், நான் கண் போடுகிற சக்களத்தி.

ஆனால் காது இருக்கிறதே. சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், கேளுங்கள். நின்றுபோனதும் இவர் பெட்ரோல் இருக்கிறதா என்று கட்டையைத் திருகிப் பிடுங்கிப் பார்க்கிறார். பாதிக்கு மேல் இருக்கும். மறுபடி இறுக்கி, குங்கிலியம் பூசி, கயிற்றை இழுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. முழு வேகத்தில் கொஞ்ச தூரம். அப்புறம் அதே இருமல். "நம்ம மூஞ்சிய பாத்தா ஓடுது, முதுக காட்டினா நின்னுடுது, பொம்பள மாதிரி" என்கிறார். நான் அப்படி நின்றுவிட்டால் இந்த வீட்டில் சோறு யார் வடிப்பது?

முன்னால் ஏரி, பின்னால் கடல். நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மணல், அதன் மேல் நான். காலையில் ஏரிப்பக்கம் போய் நிற்கிறேன், சாயங்காலம் கடல்பக்கம் போய் நிற்கிறேன். பகலில் நடக்கிறதும் அவ்வளவுதான், காலையில் தின்கிற நாஷ்டாவைத் தவிர. புதுவாயலில் உங்கள் தோளில் உட்கார்ந்து ரயில் பார்த்தவளை இங்கே கட்டிக்கொடுத்தது நீங்கள்தான். அப்பா வழிச் சொந்தம் கேட்டது, கொடுத்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கொண்டு வந்து விட்டவருக்கு வழி மறந்துபோகுமா?

உங்கள் மாப்பிள்ளை சொல்வதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: "கேட்டு தொறக்கறவருக்கு கேட்டுதான் தெரியும். மிசினு உள்ள இல்ல இருக்குது?"

அங்காளு



கேட் ரூம்
1-10-1973

அங்காளு கண்ணுக்கு,

மாப்பிள்ளை சொன்னதைப் படித்து நான் சிரித்தேன். குப்புராஜும் சிரித்தான். அதாவது, அவன் ஊரிலிருந்து வந்திருந்தால் சிரித்திருப்பான்.

கேட் என்றால் என்னவென்று மாப்பிள்ளைக்குச் சொல். ஒரு கம்பெனிக்கு வாயும் அதுதான், கழுத்தும் அதுதான். லாரி உள்ளே வரும்போது அதன் உறுமலைக் கேட்டே, "டேய், உன் வண்டிக்கு மூணாவது கியர்ல நோவு" என்று சொல்லிவிடுவேன். ஆந்திராக்காரர்கள் எளாவூர் தாண்டியதும் நேராக என்னிடம் வந்து, "நைனா, கொஞ்சம் காது வச்சு கேளுங்க" என்று வண்டியை நிறுத்துகிறார்கள். இதனால் டிராபிக் ஜாம். போலீஸ் வந்து என்னைக் கொஞ்சம் காது கேளாதவனாக இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டது.

இப்போது வைத்தியம். உன் மோட்டாருக்கு எண்ணெய் போதவில்லை. பெட்ரோலோடு ஆயில் கலக்கிறார்களே, கஞ்சத்தனமாக விட்டிருப்பார் மாப்பிள்ளை. பிள்ளைத்தாய்ச்சிக்கு நெய் மாதிரி, அதுக்கு ஆயில். இரண்டு பங்காக விடச் சொல். இருமல் நிற்கும்.

உனக்கும் நெய் சேர்த்துக்கொள். முருங்கைக்கீரை கிடைக்கிறதா அந்த மணலில்? உன் அம்மா கங்கம்மா உன்னைச் சுமந்தபோது முருங்கைக்கீரையை மட்டும் தின்றுகொண்டு

சரி, வேறு விஷயம். ரயில் இப்போதும் ஆரம்பாக்கம் பக்கமிருந்து அதே நேரத்துக்குத்தான் வருகிறது. நீ கேட்டதாகச் சொல்லிக் கையாட்டினேன்.

மாமன்



மணல்மேட்டுக்குப்பம்
14-10-1973

மாமா,

ஆயிலை இரண்டு பங்காக விட்டார். கரும்புகை கிளம்பி, குப்பமே படகு தீப்பிடித்துவிட்டதென்று குடத்தோடு ஓடி வந்தது. ப்ளக் முழுக்கப் பிசின். இரண்டு நாள் மோட்டார் உயிரே காட்டவில்லை. கழுவித் துடைத்துப் பழையபடி ஆக்கிய பிறகு, பழையபடி இருமுகிறது. "உங்க மாமன் எழுதறத இனிமே அடுப்புல போடு, நல்லா எரியும், நெறய எண்ணெ இருக்குது" என்கிறார்.

மழை தொடங்கிவிட்டது. முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மணல் திட்டு போன வாரம் உடைந்தது. எழுத வேண்டாம் என்றீர்கள், நான் எழுதுவேன். ஏரித் தண்ணீர் முழுக்கக் கதவு திறந்த மாதிரி கடலுக்குள் போகிறது. நேற்று முனுசாமியின் கழிப்படகை இழுத்துக்கொண்டு போயிற்று, படகும் அவனும் பிழைத்ததே பெரிது. அந்த முனுசாமிதான் என் கடிதங்களைப் பழவேற்காட்டுத் தபாலில் சேர்க்கிறவன். அவன் போன வாரம் மீன் கொடுக்கப் புதுவாயல் வந்தான். டீக்கடையில் குப்புராஜ் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாராம். ஊருக்கே போகவில்லையாம்.

கேட்டைக் காரணம் சொல்லாதீர்கள் மாமா. எனக்கு இது எட்டாம் மாதம் முடிகிறது. நீங்கள் ஒரு முறை வந்து நின்றால் போதும், மாமியார் அனுப்பிவிடுவாள், அலையில்லாத ஒரு காலையில் கழியிலேயே மெள்ளப் போய்விடலாம். மோட்டாரே வேண்டாம். போன முறையும் இப்படித்தான், நீங்கள் இன்று வருவீர்கள், நாளை வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டேதான் நாள் போய்விட்டது.

இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

அங்காளம்மாள்



கேட் ரூம்
24-10-1973

அங்காளம்மாளுக்கு,

விசிறியில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும். தண்ணீருக்கடியில் சுழல்கிற விசிறியைச் சொல்கிறேன். கழற்றிப் பார்க்கச் சொல். அவ்வளவுதான் பாக்கி.

எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, டாக்டரே பயந்துவிட்டார், நான்தான் அவரைத் தேற்றி அனுப்பினேன். அதனால் பயணம் தள்ளிப்போகிறது. குப்புராஜுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான், அச்சு அசல் அவனைப் போலவே. டீக்கடையில் பன் தின்றது அவனாக இருக்கும்.

பழவேற்காட்டுப் படகுத்துறையில் டீக்கடைக்காரன் புதிதாகத் தகரம் போட்டிருக்கிறானாமே. மழை பெய்தால் அந்தத் தகரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது காதில் விழாது. சொன்னார்கள்.

மாமன்



மணல்மேட்டுக்குப்பம்
4-11-1973

மாமா,

விசிறியில் ஒன்றும் சுற்றியிருக்கவில்லை. போகட்டும்.

முனுசாமி வந்தான். அந்தத் தகரத்தின் கீழே உங்களைப் பார்த்தானாம். கையில் துணிப்பை, பை நிறையக் கண்ணாடி வளையல். கழி போடுகிற படகு வந்து நின்றதாம். எல்லோரும் ஏறினார்களாம். நீங்கள் பலகையில் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, "பீடி மறந்துட்டேன்" என்று சொல்லிக் கரைக்குப் போனீர்களாம். முனுசாமி படகை நிறுத்திவைத்துக் காத்திருந்தானாம். நீங்கள் பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

அவன் சிரிக்கவில்லை மாமா. சிரித்தால் நான் வைதிருப்பேன்.

எனக்கு எல்லாம் தெரியும். அம்மாவும் நீங்களும் வந்த படகு அந்த முகத்துவாரத்தில்தான் புரண்டது. நீங்கள் கரையில் வந்து விழுந்தபோது உங்கள் கையில் அம்மாவின் முந்தானைத் துண்டு இருந்தது. அதன் பிறகுதான் வலையை விட்டுக் கம்பெனிக்குப் போனீர்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளாய் நீங்கள் குளத்தில்கூட இறங்கியதில்லை. கல்யாணத்துக்கு என்னைக் கொண்டுவிட்டபோது படகில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். எனக்குத் தைரியம் சொல்வதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். பந்தலில் சண்டை போட்டதே இனி இந்தத் தண்ணீரைத் தாண்டாமலிருக்கத்தான் என்றும் தெரியும். இவருக்கு நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

இனிமேல் வரச் சொல்லி எழுத மாட்டேன். மோட்டார் வைத்தியமும் எழுத வேண்டாம். பேஜாருதான் மிச்சம்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஏதாவது அளந்து எழுதுங்கள். ஜப்பான்காரர், லாரிக்காரர், எதுவானாலும் சரி. மழை நிற்கவில்லை. குடிசைக்குள் நானும் மாமியாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வலை காயவில்லை, விறகு காயவில்லை. இங்கே உங்கள் பொய் ஒன்றுதான் எங்கேயாவது போய் வருகிறது.

அங்காளு



கேட் ரூம்
11-11-1973

என் கண்ணுக்கு,

நீ முதல் பக்கத்தில் எழுதியது மழையில் நனைந்து எனக்குப் படிக்க முடியவில்லை. கடைசியில் கேட்டிருப்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. எழுதுகிறேன். ஆனால் பொய் என்றாயே, அதுதான் வருத்தம். நான் சொல்வதில் கூடுதல் இருக்கலாம், குறைச்சல் இருக்காது.

போன வியாழக்கிழமை கம்பெனிக்கு ஒரு பீப்பாய் எண்ணெய் வந்தது. பீப்பாய் என்றால் சாதாரணமா? எளாவூரில் அதை நிறுத்திப் பார்த்த அதிகாரி, யானையை உள்ளே வைத்துக் கடத்துகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். அதைப் படுக்க வைத்து, வாயைத் திறந்து, கீழே வாளியை வைத்தார்கள். களக் என்று ஒரு வாய் எண்ணெய் வந்தது. நின்றுவிட்டது. பிறகு களக், களக். மறுபடி நின்றுவிட்டது. மிஷினெல்லாம் எண்ணெய்க்குத் தவிக்கிறது. மேனேஜர் வந்தார். அசிஸ்டென்ட் மேனேஜர் வந்தார். பீப்பாயை உருட்டினார்கள், உதைத்தார்கள். சரக்கு வாங்க வந்த ஒரு பார்ட்டி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. களக், அவ்வளவுதான்.

"துலுக்காணத்த கூப்புடு!" என்று ஒரு குரல். யார் குரலோ தெரியாது, பம்பாய் ஹெட் ஆபீசிலிருந்து வந்த குரல் என்கிறார்கள். நான் போனேன். பீப்பாயின் வயிற்றைத் தடவினேன். "தோ பார், இதுக்கு வாய தொறந்து வுட்டீங்க, மூக்க யார் தொறக்கறது? மூச்சு உள்ள பூந்தாதான எண்ணெ வெளிய வரும்? மூக்க புடிச்சிக்கினு யாராலயாச்சும் பாட முடியுமா?" என்றேன். ஓர் ஆணியை எடுத்து எதிர்ப்பக்கம் மேலே வைத்து ஓங்கி ஒரே அடி. உஸ்ஸென்று பீப்பாய் மூச்சை இழுத்ததே, மேனேஜரின் கண்ணாடி பறந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டது! அப்புறம் எண்ணெய் வந்தது பார். வாளி நிறைந்து, தொட்டி நிறைந்து, கேட் வழியாக ஓடி, கல்கத்தா ரோட்டில் லாரியெல்லாம் வழுக்கி ஆரம்பாக்கம் வரை பிரேக் போடாமலே போய்ச் சேர்ந்தன. பெட்ரோல் மிச்சம் என்று டிரைவர்கள் எனக்கு மாலை போட்டார்கள்.

சிரித்தாயா? மாமியாருக்கும் படித்துக் காட்டு.

கண்ணு, நான் அந்தப் பலகையில் வைத்தது இடது கால். அதுதான் சகுனம் சரியில்லை. வேறொன்றுமில்லை.

மாமன்



மணல்மேட்டுக்குப்பம்
2-12-1973

மாமா,

பெண் பிறந்திருக்கிறாள். மூக்கு உங்களுடையது, பாவம்.

பழவேற்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்தே எழுதியிருப்பேன். ஆரணி ஆறு பொங்கி பஸ்ஸும் தபாலும் நின்றிருந்தன. இப்போது குப்பத்துக்குத் திரும்பிவிட்டோம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான் அளக்க மாட்டேன், அந்த வேலை உங்களுடையது.

வலி விடிந்ததும் எடுத்தது. கொட்டுகிற மழை. மாமியார் மானத்தையெல்லாம் மறந்து என்னை அணைத்துத் தூக்கிப் படகில் படுக்க வைத்தாள். இவர் கயிற்றை இழுத்து முழுசாகத் திருகினார். சீறிக்கொண்டு போனோம். சரியாக முகத்துவாரத்துக்கு நேரே வந்ததும் இருமத் தொடங்கியது. இவர் கழியை இறக்கினார். கழி தரையைத் தொடவில்லை. படகின் மூக்கு மெள்ளக் கடலைப் பார்த்துத் திரும்பியது. மாமியார் கங்கையம்மனைக் கூப்பிட்டாள். இவர் முழங்கை தண்ணீரில் முங்கக் கழியை மறுபடி இறக்கிப் பார்த்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மோட்டார் விட்டு விட்டு விக்கியது. களக். களக். அப்புறம் நின்றேபோனது. எனக்கு உங்கள் பீப்பாய் ஞாபகம் வந்தது மாமா. மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரால் பாட முடியும்?

தவழ்ந்து போனேன். "அடியே, அத்த தொடாதடி!" என்று மாமியார் காலைப் பிடித்து இழுத்தாள். "தே, உப்புத் தண்ணி பூந்துடும், வுடு!" என்று இவர் கத்தினார். கட்டையைத் திருகிப் பிடுங்கினேன். உஸ்ஸென்று உள்ளே இழுத்துக்கொண்டது பாருங்கள், முங்கியவள் மேலே வந்து மூச்சு வாங்குகிற மாதிரி. "இப்ப இழு" என்றேன். இழுத்தார். பிடித்துக்கொண்டது. பழைய பழக்கத்தில் கட்டையை வாங்கி அடைக்கக் கை நீட்டினார். நான் அதைத் தண்ணீரில் வீசிவிட்டேன்.

மழை உள்ளே விழாமல் ஓட்டைக்கு மேலே என் கையைக் கூரை மாதிரிக் கவித்துப் பிடித்தேன். மூடவில்லை, கவித்து. வலி வரும்போது பல்லைக் கடித்தேனே தவிரக் கையை எடுக்கவில்லை. மோட்டார் ஒரு தரம்கூட இருமவில்லை. முழு வேகம். அந்த இழுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனோம். அம்மா இருக்கிற இடம் அது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர்தான் மாமா. கலங்கிய தண்ணீர். கடந்துவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை இப்போது புது அடைப்பு செதுக்கி, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் நடுவில் ஒரு துளை போட்டிருக்கிறார். எந்த ஓட்டையைக் கண்டாலும் குங்கிலியம் பூசுகிற கை, ஓட்டை போட எவ்வளவு தயங்கியது தெரியுமா. குப்பத்தில் எல்லோரிடமும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்கள் காற்று அடித்திருக்கிறது.

நேற்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க மாமன வரச் சொல்லு. நானே வந்து இட்டாறேன். கேட்டுன்னு இனிமே நான் பேச மாட்டேன்."

தாய்வீட்டுத் தூளி வராமல் பிள்ளையைத் தொங்கவிடக் கூடாது என்கிறாள் மாமியார். உங்கள் பேத்தி முறத்தில் படுத்திருக்கிறாள். கங்கம்மா என்று பேர் வைத்திருக்கிறோம்.

வரச் சொல்லி எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் எழுதவில்லை.

அங்காளு



பழவேற்காட்டுப் படகுத்துறை, டீக்கடை
9-12-1973, காலை

அங்காளுவுக்கு,

இதை முனுசாமி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் படகில் நான் ஏறவில்லை, அது கழிப்படகு, என் சபதம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளை மோட்டாரை எடுத்துக்கொண்டு வரட்டும். துறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். குப்புராஜிடம் சாவிக்கொத்தையே கொடுத்துவிட்டேன். பொன்னேரி பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டேன். பீடி மடியில் இருக்கிறது, மூன்று தரம் தொட்டுப் பார்த்தாகிவிட்டது.

பீப்பாய் கதையை நான் வேண்டுமென்றேதான் எழுதினேன். மூடிதான் நோவு என்று முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். நேராகச் சொன்னால் மாப்பிள்ளையின் மனசு நோகுமே என்று சுற்றிவளைத்துச் சொன்னேன். ப்ளக், ஆயில், விசிறி எல்லாம் சும்மா அவருக்குப் பழக்கம் வரட்டும் என்று. நீ நம்ப மாட்டாய். பேத்தி நம்புவாள். அவளுக்குத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

தூளிக்குப் புடவை கொண்டுவருகிறேன். புதிதில்லை, கங்கம்மாவின் பெட்டியில் இருந்தது. பையில் வளையலும் இருக்கிறது. தேதி தவறினாலும் கை தவறாது, போட்டுக்கொள்.

மாப்பிள்ளையிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பு. ஒன்று, முகத்துவாரம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பயம் இல்லை, உப்புக்காற்று என் கண்ணுக்கு ஆகாது, டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு, பிடியை முழுசாகத் திருகச் சொல். மெதுவாகப் போக வேண்டாம். அந்த இடத்தில் மெதுவாகப் போகவே வேண்டாம்.

மேகம் கட்டியிருக்கிறது, வழியில் மழை வரும். மூடிக்கு மேலே நான் கையைக் கவித்துப் பிடித்துக்கொள்கிறேன். எனக்கும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாமன்